எண்ணெய் ஆகாத அறை

வேண்டாம் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்சந்து ஒன்றில், தகர டப்பா செய்கிற கம்பெனிக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவே எங்கள் பட்டறை இருக்கிறது. வால்வு செய்கிறோம். தண்ணீருக்கும் நீராவிக்கும் செய்துகொண்டிருந்தவர்கள், சில வருடங்களாக மனிதர்களை ஏற்றிக்கொண்டு விண்ணுக்குப் போகிற கலத்துக்கும் ஆக்சிஜனைத் திறந்து மூடும் வால்வு செய்கிறோம். அந்த வால்வுக்குள் எந்த உலோகம் போகலாம், எந்த ரப்பர் போகலாம், எது கிட்டேயே வரக்கூடாது என்று பார்ப்பது என் பொறுப்பு. போகலாம் என்பவற்றை இரண்டு கை விரல்களில் அடக்கிவிடலாம். மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டாம்தான். காலையிலிருந்து மாலைவரை அதையே சொல்லிச் சொல்லி, வீட்டில் காய்கறிக்காரர் கூவினால்கூட ஜன்னலைப் பார்த்து வேண்டாம் என்றுதான் முதலில் வாயில் வருகிறது.

ஆக்சிஜன் என்றாலே எல்லாருக்கும் ஆஸ்பத்திரி ஞாபகம், உயிர் காப்பது என்று ஒரு மரியாதை. அழுத்தி அடைத்த ஆக்சிஜனோடு பழகினால் அந்த மரியாதை பயமாக மாறிவிடும். லாரி டயரில் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு அழுத்தத்தில் அதை ஒரு உருளையில் அடைத்துவிட்டால், அதற்கு எதைக் கொடுத்தாலும் விறகுதான். இரும்பு எரியும். அலுமினியம் இன்னும் நன்றாக எரியும். டைட்டானியம் என்றால் பேர் பெத்த பேர், எடையும் குறைவு. ஆனால் அதை ஆக்சிஜன் பக்கம் விடுவது பட்டாசுக் கடையில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பதற்குச் சமம்.

எங்கள் முதலாளி பக்கத்து ஊரான பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் லேத் ஓட்டி மேலே வந்தவர். நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. முதன்முதலில் இந்த வேலை வந்தபோது என் மேஜைக்கு எதிரே நின்று சண்டை போட்டார்.

"இன்னா மேடம் இது? மேல போற சாமான், வெயிட்டு கம்மியா இருக்கணும்னு அவுங்களே சொல்றாங்கோ. அலுமினியத்துல அடிச்சா பாதி வெயிட்டு. நீங்க இன்னாடான்னா இந்த மோனலக் கட்டிக்கினு அயுவுறீங்கோ. டூலு ஒண்ணு மாத்தி ஒண்ணு மய்ங்கிப் பூடுது."

மோனல் என்பது நிக்கலும் செம்பும் கலந்த உலோகம். கனம் அதிகம், கடைவதற்குப் பிசுபிசுவென்று அடம் பிடிக்கும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் அதில் தீப்பொறி விழுந்தாலும் தீ ஓடாது. அந்த இடத்தில் கொஞ்சம் கருகிவிட்டுத் தானே அணைந்துவிடும். நான் அவருக்குச் சொன்னதைத்தான் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தீப்பொறி வராது என்று நம்பிப் பொருளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வரும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே எங்கேயோ ஒரு துகள் கிடக்கும். யாரோ அவசரத்தில் சட்டென்று திறப்பார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதே, அந்தச் சூடு இங்கே பல மடங்காக வரும். மனிதர்கள் தப்பு செய்யத்தான் செய்வார்கள். தப்பு நடந்த பிறகும் எரியாமல் இருப்பது எது என்று மட்டும் பார்க்க வேண்டும். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு, "அப்போ ஆள நம்பக் கூடாதுன்றீங்கோ" என்றார். ஆமாம் என்றேன்.

உலோகத்தையும் ரப்பரையும் தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். முடியவில்லை. மோனலே ஆனாலும் அதன் மேல் ஒரு பொட்டு எண்ணெய் இருந்தால் போதும், அதுவே தீக்குச்சி. அதனால் வால்வைக் கழுவிக் கோக்க ஒரு தனி அறை கட்டினோம். வடிகட்டிய காற்று, கண்ணாடிச் சுவர், வெள்ளை உடுப்பு, தலையை மூடும் முக்காடு. அந்த அறைக்குள் என்னென்ன ஆகாது என்று சொல்ல ஆரம்பித்தபோதுதான் நான் வேலை பார்ப்பது உலோகங்களோடு இல்லை, பெண்களோடு என்று புரிந்தது. மஞ்சள் ஆகாது. பவுடர் ஆகாது. பூ ஆகாது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்ணின் மஞ்சள் கயிற்றை என்ன செய்வது என்று ஒரு வாரம் பேசினோம். கடைசியில் அவள் மாமியார் வீட்டில் கேட்டுச் சங்கிலிக்கு மாறிக்கொண்டு வந்தாள். தலைக்கு எண்ணெய் ஆகாது என்று சொன்ன அன்று மட்டும் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் எண்ணெய் வைத்து வருடங்கள் ஆகின்றன. பரட்டைத் தலையோடு நல்ல நாளும் அதுவுமாக வந்து நிற்கிறாள் என்று என் மாமியார் ஆவடியில் இருக்கிற அத்தனை உறவுக்காரர்களிடமும் சொல்லியாகிவிட்டது.

அந்த அறையின் நல்ல கை ஒரு அக்காவுடையது. அக்கா என்று எல்லாரும் கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். கரையான்சாவடியிலிருந்து வருவார். முன்பு ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற கம்பெனியில் இருந்தவர், அது மூடியதும் எங்களிடம் பஃப்பிங் பிரிவில் சேர்ந்தார். சுழலும் துணிச் சக்கரத்தில் உலோகத்தை வைத்துப் பளபளப்பாக்குகிற வேலை. முகத்தில் எத்தனை துணி கட்டினாலும் தூசி உள்ளே போகும். சில வருடங்களில் அக்காவுக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். தூசியில் நின்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு, நான்தான் முதலாளியிடம் பேசி அவரைக் கோக்கிற அறைக்கு மாற்றினேன். இரக்கத்தால் என்று சொன்னால் பாதிதான் உண்மை. சட்டை தைத்த கை. பொத்தான் அளவு ரப்பர் வளையத்தைக் கீறல் இல்லாமல் பள்ளத்தில் உட்காரவைக்க அதைவிட நல்ல கை எனக்குக் கிடைத்திருக்காது.

"ரோட்டுல மெட்ரோ வேலயில ஒரே பொய்தி மேடம். ஊட்டாண்டயும் பொய்தி. இந்த ரூமுக்குள்ள வந்தாத்தான் எனுக்கு மூச்சுன்னு ஒண்ணு கீதுன்னே தெரியுது" என்று ஒரு நாள் சொன்னார். பொய்தி என்றால் புழுதி. இடுப்பில் செருகிய இன்ஹேலரை அந்த அறைக்குள் அவர் எடுத்து நான் பார்த்ததில்லை.

பிரச்சினை வந்தது போன வருடம். தேர்வுக்கு அனுப்ப வேண்டிய முதல் வால்வு. கோத்து முடித்ததும் ஊதா விளக்கின் கீழ் பார்ப்போம். எண்ணெய் இருந்தால் அந்த வெளிச்சத்தில் நீலமும் வெள்ளையுமாக மினுங்கும். இந்த வால்வில் உள்பக்கம், ரப்பர் வளையத்தை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. நீலமாக இல்லை. லேசாகச் சிவப்போடிய மாதிரி இருந்தது. அந்தச் சிவப்பு என்னை ஏமாற்றிவிட்டது. எண்ணெய் என்றால் நீலம்தானே, அப்படியானால் இது ரப்பரிலிருந்து கசிகிற ஏதோ ஒன்று என்று முடிவுகட்டினேன். வளையம் வந்த பெட்டியையே திருப்பி அனுப்பினேன். வேறு பெட்டி வந்தது. அதே கோடு. ரப்பர் விற்கிறவர் ஃபோனில் கத்தினார், நானும் கத்தினேன். பல மாதம் படித்து, சுட்டுப் பார்த்து, எரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரப்பர் அது. அதையே விட்டுவிட்டு வேறு ஜாதி ரப்பருக்குப் போகலாமா என்றுகூட யோசித்தேன். சாப்பாடு இறங்கவில்லை. பேருந்தில் நின்றபடியே தூங்க ஆரம்பித்தேன்.

கடைசியில் ஒன்றும் தோன்றாமல் கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அக்கா கோப்பதை முதலிலிருந்து பார்த்தேன். அந்த வளையத்துக்கு எந்தக் கிரீஸும் போடக் கூடாது, வறண்டபடியே உட்காரவைக்க வேண்டும். மழுங்கலான ஒரு பிளாஸ்டிக் ஊசியால் நெம்பி நெம்பி உள்ளே தள்ளுவார். அன்று ஊசியை எடுத்தார், வளையத்தை எடுத்தார். வளையம் அடம் பிடித்தது. உடனே அக்காவின் வலது கை மேலே போனது. முக்காட்டுக்குக் கீழே, பிடரியில், பெரிய கொண்டை முக்காட்டைத் தூக்கியதால் விழுந்த இடைவெளியில் தெரிந்த முடியில், ஊசியை ஒரே ஒரு முறை தேய்த்தது. திரும்பி வந்தது. வளையம் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

நான் எழுந்துகொள்ளவில்லை. அன்று காலையில்தான் புடவைத் தலைப்புக்குக் குத்தும் முன் ஊக்கை நானே என் தலைமுடியில் தேய்த்திருந்தேன். எண்ணெயே காணாத என் தலையில்! துணியில் ஊசி ஏறவில்லை என்றால் தலையில் ஒரு இழுப்பு இழுப்பதை இந்த ஊரில் யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அக்கா அதை வாழ்நாள் முழுக்க, தைத்த ஒவ்வொரு சட்டைக்கும் பொத்தானுக்கும் செய்திருப்பார்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"நானா? சொம்மா இரு மேடம். நான் எதுக்குத் தலயில தேய்க்கப் போறேன்? எண்ணையே வக்கிறதில்ல. சனிக்கெயம ராவுல வச்சிகினு ஞாயித்துக்கெயம சீக்கா போட்டு அலசிட்றேன்."

"என்ன எண்ணெய்?"

"ஊட்லயே காச்சறது. கரிசலாங்கண்ணி, கருவேப்பில போட்டு."

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. இலையின் பச்சை அந்த விளக்கில் சிவப்பாகத்தான் தெரியும். பள்ளியில் படித்த பாடம். எத்தனையோ ரப்பர்களை எரித்துப் பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை.

சாப்பிட்டுவிட்டு அவரை மறுபடி மேஜையில் உட்காரவைத்தேன். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், கையையே பார்க்கிறேன், அவருக்கும் தெரியும். வளையம் அடம் பிடித்தது. கை போனது. பாதி வழியில் அக்காவே அதைப் பார்த்துவிட்டார். ஊசியைக் கீழே வைத்தார்.

"கை தானா பூடுது மேடம்" என்றார்.

எண்ணெயை அன்றோடு முழுக்க நிறுத்தினார். ஷாம்பு போட்டுக் குளித்தார். கோடு மங்கியது, போகவில்லை. தலைமுடிக்கே சொந்தமாக ஒரு எண்ணெய் உண்டே. முக்காட்டைக் கழுத்தோடு ஒட்டுவதற்கு டேப் ஒட்டிப் பார்த்தோம். டேப்பின் பசை புதிதாக ஒரு வழக்காகிவிட்டது. பக்கத்தில் உட்காரும் பெண்ணை, அக்காவின் கை உயரும்போதெல்லாம் குரல் கொடுக்கச் சொன்னேன். அவள் "கை!" என்று கத்தினாள், அக்கா திடுக்கிட்டு வளையத்தைக் கீறிவிட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணையே கோக்கச் சொன்னால், ஐந்துக்கு மூன்றைக் கிழித்து வைத்தாள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஆள மாத்திடலாம் மேடம். அந்தப் பொண்ணு கிய்ச்சாலும் கத்துக்குவா. எண்ண போயி அங்க எதுனா ஆச்சுன்னா எவன் பதில் சொல்றது?"

"அக்காவை எங்க போடுவீங்க?"

"வேற எடம் எங்க கீது? பஃப்பிங்தான்."

"அங்க போனா அவங்க மூச்சு என்ன ஆகும்னு தெரியும்ல?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக்காவ எனுக்குப் புடிக்காதா மேடம்? எங்கம்மா செத்தப்போ வந்து சமைச்சுப் போட்டவங்கோ. ஆனா நீங்கதான சொன்னீங்கோ, ஆள நம்பக் கூடாதுன்னு? திங்கக்கெயம வரைக்கும் பாருங்கோ. அப்பவும் மினுக்குனா மாத்திடுவேன்."

என் வாயாலேயே என்னை மடக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உடுப்பு மாற்றும் இடத்தில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். களைப்பில் எதையும் பக்குவமாகச் சொல்லத் தெம்பில்லை. அவர் கெஞ்சினார். இனிமேல் கவனமாக இருப்பேன், கையைக் கட்டிப் போட்டுக்கொள்வேன், சாமி சத்தியம் என்றார்.

"கவனமா இருக்கிறதை நம்புறதா இருந்தா அலுமினியத்துலயே பண்ணியிருப்பேனே அக்கா" என்றேன். "கை போகத்தான் போகும். போனாலும் அங்க ஒண்ணும் இருக்கக் கூடாது. அதுக்கு நான் என்ன பண்றது?"

அக்கா கொண்டையை அவிழ்த்து, இடுப்புக்குக் கீழே தொங்கிய அத்தனை முடியையும் உதறி மறுபடி முடிந்துகொண்டு, பையை எடுத்துக்கொண்டு போனார். இந்த வயதில் அப்படியொரு முடி எங்கள் பட்டறையில் யாருக்கும் இல்லை. அதை அவர் எல்லாருக்கும் முன்னால் அவிழ்ப்பதற்கு ஒருபோதும் வெட்கப்பட்டதில்லை.

திங்கட்கிழமை காலை நான் போவதற்கு முன்பே வாசலில் கூட்டம். அக்கா நடுவில் நின்றுகொண்டிருந்தார். தலையில் முக்காடு இல்லை, முடி இல்லை. வழவழவென்று மழித்த மொட்டைத் தலை முழுக்க மஞ்சளாகச் சந்தனம். பெண்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேற்காட்டு அம்மனுக்கு வேண்டுதலாம்; மகளுக்கு ஏழாவது மாதம், வரும் ஞாயிறு வளைகாப்பு, சுகப்பிரசவம் ஆக வேண்டுமே என்று முடி காணிக்கை. முதலாளிகூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்.

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் வாயில் வந்தது இதுதான்.

"சந்தனத்தைக் கழுவிட்டு வாங்க."

அக்கா தலையாட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். தலையைக் குனிந்து அவர் கழுவ, நான் சோப்பை நீட்டினேன். பிடரி, காதுக்குப் பின்னால், எல்லா இடமும் வெளுத்துப்போய், வெயிலே படாத தோலாக இருந்தது.

"யாரு உங்களை இதைப் பண்ணச் சொன்னது?" என்றேன். "கொஞ்சம் கட்டையா வெட்டிக்கிட்டாலே போதுமே!"

"பொம்பள முடிய வெட்டிகினா ஊர்ல எல்லாம் ஏன்னு கேக்கும் மேடம். மருமவன் ஊட்ல கேப்பாங்க. இன்னா சீக்கான்னு கேப்பாங்க. மொட்டன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அம்மாவுக்குன்னு கும்புட்டுகினு பூடுவாங்க."

"வளருமே?"

"வளந்தா இன்னொரு வேண்டுதல்" என்று சொல்லித் துண்டால் தலையைத் துவட்டினார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அம்மா பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டமேன்னு போற வய்யெல்லாம் பயந்துகினேதான் போனேன். அங்க போயி ஒக்காந்து, மொதல் கத்தி வச்சப்போ, மெய்யாலுமே எம் பொண்ணுக்காகத்தான் வேண்டிகினேன். ரெண்டுக்கும் சேத்து அம்மா எடுத்துக்கட்டும்" என்றார்.

அன்று முக்காடு அவர் தலையில் முதன்முறையாகச் சரியாக உட்கார்ந்தது. தூக்கிப் பிடிக்கக் கொண்டை இல்லை, பிடரியில் இடைவெளி இல்லை, கழுத்துப் பட்டைக்குள் துணி முழுக்கப் போய்விட்டது. வளையம் அடம் பிடித்தது. கை போனது. வெறும் துணியில் ஒரு முறை தேய்த்துவிட்டுத் திரும்பி வந்தது. வளையம் சட்டென்று உட்காரவில்லை. நெம்பி நெம்பி, வியர்த்து, நேரமெடுத்து உட்காரவைத்தார். ஊதா விளக்கில் நானே பார்த்தேன், பிறகு முதலாளி பார்த்தார். இருட்டுதான். முதலாளி "பாத்தீங்களா மேடம், அம்மா கைவிட மாட்டா" என்று சந்தோஷமாகப் போய் எல்லாருக்கும் டீ சொன்னார். வேண்டுதலுக்குப் போன முடி தற்செயலாக எங்களையும் காப்பாற்றிவிட்டது என்று அவர் நம்பினார். நான் எதையும் திருத்தவில்லை. திருத்தினால் அக்கா ஏன் மொட்டை போட்டார் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்குப் போனேன். போக வேண்டாம் என்று உடம்பு சொன்னது. வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் படுக்க முடிகிறது. ஆனாலும் போனேன். கரையான்சாவடி மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற சந்தில், வீட்டுக்கு முன்னால் ஷாமியானா போட்டு நாற்காலிகள் வைத்திருந்தார்கள். மகள் பட்டுப்புடவையில், தலை நிறைய பூவோடு, மூச்சு முட்ட உட்கார்ந்திருந்தாள். வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, வளையல் போட்டார்கள். என் முறை வந்தபோது சந்தனக் கிண்ணத்தில் விரலை வைக்கக் கொஞ்சம் தயங்கினேன், பழக்க தோஷம்.

அக்கா எல்லாரையும் வரவேற்றுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். பந்தலுக்கு வெளியே மெட்ரோத் தூணுக்குப் பள்ளம் தோண்டிய மண் குவிந்திருந்தது. ஒவ்வொரு லாரி போகும்போதும் அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பூத்தட்டு சுற்றி வந்தது. எல்லாரும் ஆளுக்கு ஒரு முழம் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்கள். நானும் வைத்தேன். தட்டு அக்காவிடம் வந்தபோது, அதை ஏந்திக்கொண்டிருந்த பெண் ஒரு கணம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். அக்காவே ஒரு முழத்தை எடுத்து உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, "அடுத்தவங்களுக்குக் குடும்மா" என்றார்.

மகள் அதைப் பார்த்துவிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள். வளையல் அடுக்கிய கையால் அந்த மொட்டைத் தலையைத் தடவினாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்து, "பாத்தீங்களா மேடம்? எங்கம்மாக்கு முடின்னா உசுரு. ஒரு முடி உதுந்தா அயுவும். எனுக்காகக் குடுத்துட்டு வந்துடுச்சு" என்றாள்.

"ஆமாம்மா, உனக்காகத்தான்" என்றேன். என் வாழ்க்கையில் சரிபார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டது அது ஒன்றுதான். அதில் எவ்வளவு பொய் என்றும் எனக்குத் தெரியாது.

மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்தாள். "கவலப்படாத. கொயந்தைக்கு மொட்ட போடுறதுக்குள்ள உனுக்குக் கொண்ட போடுற அளவு வந்துடும் பாரு. அன்னிக்கு நானே வாரி உடுறேன். பூவு நெறைய வச்சுகினு வா."

"வரும், வரும்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

தேர்வில் அந்த வால்வு தேறிவிட்டால் அடுத்தடுத்துச் செய்ய வேண்டிய வால்வுகளுக்கான மோனல் கம்பிகள் முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தன. சரக்கறை நிறைய, வருடக்கணக்கில் கோக்க வேண்டிய அளவுக்கு இருந்தன. இறக்கும்போது அக்காவும் என் பக்கத்தில்தான் நின்றார். நான் இலையில் இருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தேன்.